சூப்பு செஞ்சவ

மெதுவா, மெதுவாம்மா. முழங்கை பட்டுரப் போவுது. மடியில இருக்கிறது கொதிக்கிற சூப்பு. ஒக்காரு, ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் இருக்கு. பையக் காலுக்கு அடியில வச்சுக்க. எங்க போற, ஈப்போவுக்கா? நானும் ஈப்போதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு. என் தம்பி அங்க படுத்திருக்கான்.

பேரு என்னம்மா? சர்மினியா. நல்ல பேரு. பசியாறிட்டியா? என் பேரு தனபாக்கியம். தனமும் இல்ல, பாக்கியமும் இல்ல, அத விடு.

என்ன பாக்குற, பிளாஸ்க்கயா? ஆமா, சீனப் பிளாஸ்க்கு. செவப்புப் பூ போட்டது. என்னோடது இல்ல, அது ஒரு கதை. உள்ள என்னன்னு சொன்னா நீ எந்திரிச்சு அந்தப் பக்கத்து சீட்டுக்குப் போயிருவ. பரவால்ல, சொல்லிடுறேன். பன்னி எலும்பும் பேரிக்காயும் போட்டுக் காச்சின சூப்பு. சீனவங்க வைக்கிறது. இருமலுக்கு, நெஞ்சு காய்ச்சலுக்கு எல்லாம் அவங்களுக்கு இதான் மருந்து.

போகலியே? நல்ல புள்ள.

நான் சாப்பிடுறவ இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். எங்க வீட்டுல அந்தக் கறி வாசப்படி தாண்டி வந்ததில்ல. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். இந்தக் கை அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் அதத் தொட்டதில்ல. இப்ப என்னடான்னா ஒருநாள் விட்டு ஒருநாள் பின்னாடிக் குழாயில நின்னு அந்த எலும்பத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டு இருக்கேன். கூடப் பொறந்த பாசம் யார விட்டுச்சு? சரி, தம்பிக்குத்தானே, செய்யலாம்னு செஞ்சேன். ஆனா பாரு, செய்யிறது நானு, பேரு அவளுக்கு. ஒவ்வொரு வாயும் அவ பேரச் சொல்லித்தான் உள்ள போவுது. நீயே சொல்லு, இது அடுக்குமா?

அவள்னா யாருங்கிறியா? அவன் பொண்டாட்டி. யோக் லான். சீனத்தி. செம்மோர்ல முடி வெட்டுற சலூன் வச்சிருக்கா. இந்த பஸ்ஸு அவ கடை வாசல்லதான் நிக்கும், நீ வேணா பாரு, கண்ணாடியில பொம்பள படம் ஒட்டியிருக்கும். நான் பாக்க மாட்டேன். அந்த ஸ்டாப்பு வரும்போது குனிஞ்சு பிளாஸ்க்கு மூடிய இறுக்கிக்கிட்டு இருப்பேன். பஸ்ஸு நகந்ததும் நிமிருவேன்.

என் தம்பி பேரு குணசீலன். சீலன்னு கூப்பிடுவோம். அவன் பொறந்து நடக்க ஆரம்பிக்கல, எங்கம்மா போயிட்டாங்க. அப்பா குடிகாரரு. நான்தான் தூக்கி வளத்தேன். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போவேன், அவன ஒரு துணியில சுத்தி மரத்தடியில போட்டுட்டு வெட்டுவேன். கொசு கடிச்சு ஒடம்பெல்லாம் தடிச்சிருக்கும், அழ மாட்டான். என்னையே பாத்துக்கிட்டு இருப்பான். பொண்ணு கேட்டு வந்தாங்க, நான் வேணாம்னுட்டேன். கட்டிக்கிட்டுப் போயிட்டா இவனுக்கு யாரு சோறு போடுறது? ஒருநாள்கூட அவன் பசியோட படுத்ததில்லம்மா. நான் படுத்திருக்கேன். அவன் படுத்ததில்ல.

அப்படி வளத்தவன் லோரி ஓட்டுறேன்னு போயி, முடி வெட்டுறேன்னு அந்தக் கடையில ஒக்காந்து, ஒக்காந்து, ஒருநாள் கூட்டிக்கிட்டே வந்து நிக்கிறான். "அக்கா, இவதான்." கோயில்ல வச்சுத்தான் தாலி கட்டினான், அதுக்கு அவ ஒத்துக்கிட்டா. சேலையும் கட்டினா. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஊரெல்லாம் "உன் தம்பி பொண்டாட்டி தங்கம் பாக்கியம், தமிழு பேசுறா, சாம்பாரு வைக்கிறா"ம்பாங்க. தங்கமாம். கூட இருந்து பாத்தாத்தானே தெரியும்.

நான் மொத நாளே சொல்லிட்டேன். "இந்த வீட்டுல அந்தக் கறி ஆகாது. உனக்கு வேணும்னா வெளியில சமைச்சுக்க, வெளியில தின்னுக்க." அவ ஏன்னு கேக்கல. தலைய ஆட்டினா. மறுநாளே ஒரு கரி அடுப்பு வாங்கியாந்து பின்னாடி லோங்கான் பக்கத்துல, அதாம்மா கால்வாய்க்குப் பக்கத்துல, வச்சுக்கிட்டா. மண்ணு சட்டி ஒன்னு, மூடி போட்டது. ஞாயித்துக்கிழமையானா அங்க குந்திக்கிட்டு விசிறிக்கிட்டு இருப்பா. காலையில வச்சா மத்தியானம் வரைக்கும் அது பொளக்கு பொளக்குன்னு கொதிச்சுக்கிட்டே இருக்கும். கிண்ட மாட்டா. திறக்க மாட்டா. வெயிலு அடிச்சா ஒரு குடைய நட்டு வச்சுக்குவா. கடைசியில உப்புப் போடுவா பாரு, அதுதான் எனக்குப் பாக்கச் சகிக்காது. கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஊத்தி, நாக்கால நக்கி ருசி பாப்பா. பூனை மாதிரி. பாத்துட்டு இன்னும் ஒரு சிட்டிக. திரும்ப நக்குவா. "ஏன்டி, கரண்டியில பாத்தா ஆகாதா?"ன்னு கேட்டா சிரிப்பா. "அக்கா, கை பொய் சொல்லாது"ம்பா.

அவன் அந்தக் கால்வாய் ஓரத்துல ஒரு ஸ்டூலு போட்டு ஒக்காந்து குடிப்பான். வீட்டுக்குள்ள நான் அவனுக்குப் புடிச்ச மீன்கொழம்பு வச்சிருப்பேன். அவன் அங்க ஒக்காந்து மூக்கு வேர்க்க வேர்க்கக் குடிச்சிக்கிட்டு இருப்பான். ரெண்டு பேரும் சும்மா சிரிச்சுக்குவாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். பாக்கணும்னு இல்ல, பாத்திரம் கழுவுற எடம் அங்கதான இருக்கு.

எப்படியோ ஓடுச்சு. புள்ளைங்க இல்ல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

போன வருஷம் புரட்டாசிதான் வெனை. நம்ம வீட்டுல புரட்டாசி மாசம் முழுக்க சைவம். முட்டகூட வாங்க மாட்டேன். சனிக்கிழமை நாமம் போட்டு, தளிகை போட்டு, அப்படி ஒரு சுத்தமா இருப்பேன். அவனுக்கு அப்ப இருமலு. ராத்திரி பகலா இருமுறான். இவ என்கிட்ட வந்து, "அக்கா, இது சாதா இருமல் இல்ல, நெஞ்சப் படம் எடுத்துப் பாக்கணும், அவர் நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க சொல்லுங்க"ங்குறா. எனக்கு எரிச்சலு. "நீ குடுக்குற பேரிக்கா சூப்புதான்டி சளிய இழுத்து விட்டுருக்கு. அது குளிர்ச்சி. நான் சுக்கு கசாயம் வச்சுக் குடுக்குறேன், ஒரு வாரத்துல நின்னுரும்"ன்னேன். அவ பாட்டுக்கு எதையாச்சும் சொல்லி அவனப் பயங்காட்டி ஆஸ்பத்திரியில தள்ளிட்டா? லோரிக்காரனுக்கு இருமல் வர்றது அதிசயமா?

அந்தச் சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அர்ச்சன முடிஞ்சு வர்றேன், பேய் மழை. நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்குள்ள காலு வைக்கிறேன், அந்த வாட. பன்னிக்கறி வாட. என் அடுப்பு மேல, நான் பெருமாளுக்குப் பொங்கல் வைக்கிற அடுப்பு மேல, அந்த மண்ணு சட்டி ஒக்காந்திருக்கு! இவ பக்கத்துல நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறா. "அக்கா, மழை. நெருப்பு அணைஞ்சிருச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான் அக்கா, அவருக்கு மூச்சு வாங்குது."

எனக்கு வந்துச்சு பாரு. துணியப் புடிச்சு சட்டியத் தூக்கினேன், பின்கதவத் திறந்தேன், கால்வாயில வீசினேன். சட்டி ஒடைஞ்சிருச்சு. அவன் இருமிக்கிட்டே ரூம்புலேர்ந்து வந்து நிக்கிறான். நான் சொன்னேன்: "சீலா, இந்த வீட்டுல ஒன்னு அவ, இல்ல நானு. நீயே சொல்லிரு." நான் அழுதேன். வளத்த கத எல்லாத்தையும் சொன்னேன், பால்மரம், துணி, கொசு, எல்லாத்தையும்.

அவன் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னான். அவதான் சொன்னா. "உங்க அக்காவோட இருங்க. நான் கடைக்குப் போறேன்." கடை மாடியில ஒரு ரூம்பு இருக்கு அவளுக்கு. அந்த மழையிலயே போயிட்டா. பாத்தியா, எவ்வளவு லேசாப் போயிட்டா? பாசம் இருக்கிறவ போவாளா?

என்ன சொல்ற? நான்தான் போகச் சொன்னேனா? நான் எங்க போகச் சொன்னேன்? ஒன்னு அவ, இல்ல நானுன்னு அவன்கிட்டதான் கேட்டேன்.

கொஞ்ச நாளு அவன் எனக்குத் தெரியாம அங்க போயிப் போயி ஒக்காந்துட்டு வந்தான். சட்டையில அந்த ஷாம்பு வாசன வரும். நான் சண்ட போடல. ரெண்டு நாளு சாப்பிடாமக் கெடந்தேன், அவ்வளவுதான். அவனா நிறுத்திட்டான்.

கசாயத்துல இருமலு நிக்கல. ரத்தமா வந்துச்சு. அப்புறம்தான் படம் எடுத்தாங்க. நெஞ்சுல கட்டி. முத்திப்போச்சுன்னுட்டாங்க. அந்தச் சின்ன டாக்டரு, தமிழு புள்ளதான், என்னத் தனியாக் கூப்பிட்டு, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே அம்மா"ங்குது. நான் சொன்னேன், "அவன் பொண்டாட்டி சரியில்ல தம்பி, ஒழுங்காப் பாத்துக்கல"ன்னு.

அவளுக்கு எப்படியோ சேதி போயிருச்சு. மொத தடவ வந்தப்ப நான் லிப்டு வாசல்லயே மறிச்சிட்டேன். "அவன் உன்னப் பாக்க விரும்பல"ன்னேன். "அவர் சொன்னாரா அக்கா?"ன்னா. "சொன்னான்"னேன். அப்படியே திரும்பிப் போயிட்டா. கொஞ்ச நாளு கழிச்சு இன்னொரு தடவ வந்தா. இந்தப் பிளாஸ்க்கோட. இதே பிளாஸ்க்குதான். ரெண்டு கையாலயும் புடிச்சு என்கிட்ட நீட்டுறா, அவங்க எதக் குடுத்தாலும் ரெண்டு கையாலதான் குடுப்பாங்க. "அக்கா, நான் உள்ள வரல. இத மட்டும் குடுங்க. நான் செஞ்சதுன்னு சொல்ல வேணாம். நீங்க செஞ்சதுன்னு சொல்லிக் குடுங்க. அவர் குடிச்சாப் போதும்"ங்குறா. என்ன நடிப்பு பாரு! நான் செஞ்சதுன்னு சொல்லணுமாம். பன்னிக்கறிய நான் செஞ்சேன்னு! வாங்கிக்கிட்டேன். வார்டு கடைசியில கைகழுவுற தொட்டி இருக்கு, அங்க கொண்டு போயி ஊத்திட்டேன். நல்ல பிளாஸ்க்கு, அத ஏன் வீசணும்? கழுவி வச்சுக்கிட்டேன். 

அப்புறம் அவ வரல. அவன் போனு என்கிட்டதான் இருக்கு, நோயாளிக்கு எதுக்குப் போனு? அதுல அவ கூப்பிடுவா. அடிக்கும், அடிக்கும், அதுவா நின்னுரும். சீலன் கேப்பான், "அவ வரலியாக்கா?" "வரலியேப்பா"ம்பேன்.

இதுக்கு அப்புறம்தான் அவன் சாப்பாட்ட நிறுத்தினான். கஞ்சி குடுத்தேன், துப்பினான். ரசம், இடியாப்பம், மீன்கொழம்பு, எதையும் நாக்குல வைக்க மாட்டேங்குறான். காய்ச்சல்ல கண்ண மூடிக்கிட்டு "லான் சூப்பு, லான் சூப்பு"ங்குறான். டாக்டரு புள்ள சொல்லுச்சு, "இனிமே பத்தியம் ஒன்னும் இல்லம்மா, எது கேக்குறாரோ அதக் குடுங்க." நான் கோயில்ல போயி உக்காந்து யோசிச்சேன். பட்டினியாச் சாவ விடுறதா? நான் வளத்த புள்ள பட்டினியாவா?

போன் போட்டு அவளக் கேட்டிருக்கலாம்ங்குறியா? யாரு, நானா? அவகிட்டயா? நல்லாருக்கே நீ சொல்றது.

பாசார்ல அந்தக் கறி விக்கிற எடம் தனியா இருக்கும் தெரியுமா, கடைசியில, மறைப்பு கட்டி. தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போனேன். நம்ம ஆளுங்க யாராச்சும் பாத்துட்டா மானம் போயிரும். அங்க ஒரு அப்பேக்கு, சீனக் கெழவன், சிரிக்கிறான் என்னப் பாத்து. மலாய்ல கேட்டேன், பேரிக்கா சூப்புக்கு எந்த எலும்புன்னு. நெஞ்செலும்பு வெட்டிக் குடுத்து எப்படி வைக்கிறதுன்னும் சொன்னான். நான் எங்க கேட்டேன்? வீட்டுக்கு வந்து வாட போகட்டும்னு மஞ்சளு, இஞ்சி பூண்டு, நாலு மொளகு எல்லாத்தையும் தட்டிப் போட்டு வச்சுக் கொண்டு போனேன். ஒரு வாயி. துப்பிட்டான். "என்னக்கா இது, நண்டு ரசமா?"ங்குறான்.

அடுத்த தடவ அப்பேக்கு சொன்ன மாதிரியே செஞ்சேன். எலும்பக் கொதிக்க வச்சு அந்த மொதத் தண்ணியக் கீழ ஊத்திரணும், நுரையும் அழுக்கும் அதோட போயிரும். அப்புறம் புதுத் தண்ணி. பேரிக்காயத் தோலோட நாலா வெட்டி வெதைய மட்டும் எடுக்கணும். செவப்பா சுருங்கின சீனப் பேரீச்சங்காய் இருக்கே, அதுலயும் கொட்டைய எடுத்துரணும், இல்லன்னா சூடாம். மூடிட்டு, கிண்டாம, சின்ன நெருப்புல விட்டுரணும். உப்பு கடைசியில. மசாலா கிடையாது, ஒரு பூண்டுப் பல்லுகூட கிடையாது. என் வீட்டுக்குள்ள இல்லம்மா, பின்னாடி, கால்வாய் ஓரத்துல, அவ விட்டுட்டுப் போன அதே கரி அடுப்புலதான். குடைய நட்டு வச்சுக்கிட்டு நானு குந்தியிருக்கேன், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குறா. கொண்டு போனேன். குடிச்சுப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டான். "இது இல்லக்கா." 

என்னத்த விட்டேன்? வீட்டுக்கு வந்து மண்டையப் போட்டு ஒடைச்சிக்கிட்டேன். அப்பத்தான் பளிச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. அன்னிக்குத் தொட்டியில ஊத்தினேன்ல, தண்ணி எறங்காம நின்னுச்சு. ஓட்டையில எதோ கறுப்பா அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் வெரல விட்டு எடுத்துப் போட்டேன். தோலு மாதிரி, சுருண்டு, மோந்து பாத்தா ஆரஞ்சு வாசன. அதான்! காய வச்ச ஆரஞ்சுத் தோலு! சீன மருந்துக் கடையில போயிக் கேட்டா, பழசாகப் பழசாகத்தான் நல்லதுன்னு ஒரு துண்டு எடுத்துக் குடுக்குறான். பாத்தியா, சாமி எனக்கு எப்படிக் காட்டிக் குடுத்துச்சு? அன்னிக்கு ஊத்தாம இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

அதப் போட்டு வச்சு, இந்தப் பிளாஸ்க்குல ஊத்திக் கொண்டு போனேன். மூடியத் திறந்தேன். அவன் கண்ணத் திறந்தான். வாசன போயிருக்கு மூக்குல. பிளாஸ்க்கப் பாக்குறான், என்னப் பாக்குறான். "அக்கா, லான் வந்தாளா?"

அந்த மொகத்த நீ பாத்திருக்கணும் சர்மினி. எத்தன நாளாச்சு அப்படி ஒரு வெளிச்சத்தப் பாத்து. நான் என்ன சொல்றது? "நான்தான்டா வச்சேன், கால்வாய் ஓரத்துல குந்திக்கிட்டு வச்சேன்"னு சொல்லணும்னு வாயி வரைக்கும் வந்துச்சு. சொன்னா கிண்ணத்தக் கீழ வச்சுருவான். மறுபடியும் பட்டினி. "ஆமா சீலா, வந்தா. குடுத்துட்டுப் போயிட்டா, கடையில வேலையாம்"னேன். ஒரு கிண்ணம் முழுக்கக் குடிச்சான். "நல்லாருக்குக்கா. நல்லாருக்குன்னு அவகிட்ட சொல்லு"ன்னான். சொல்றேன்னேன். வெளிய வந்து, அதே தொட்டியிலதான் பிளாஸ்க்கக் கழுவினேன், கண்ணுல தண்ணி நிக்கல. நான் செஞ்சதும்மா. என் கையால செஞ்சது.

அதுலேர்ந்து இதுதான் என் பொழப்பு. வைக்கிறது, பஸ்ஸு ஏறுறது, அவ குடுத்தான்னு பொய் சொல்றது. அவன் குடிப்பான், நல்லாருக்குன்னு சொல்லுவான். ருசியா? நான் எங்க ருசி பாக்குறது? இந்த வாயில அது படுமா? உப்பெல்லாம் ஒரு கண்ணு மதிப்புதான்.

முந்தாநாளு என்ன சொன்னான் தெரியுமா, அதக் கேளு, அதுதான் எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. சூப்பு குடிக்க வச்சுக்கிட்டு இருக்கேன், ஸ்பூன்ல. ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. என் கையப் புடிச்சுக்கிட்டான். எலும்புதான் இருக்கு கையில. சொல்றான், "அக்கா, சூப்பு செஞ்சவகிட்ட ஒரு சேதி சொல்லணும்." "சொல்லுப்பா"ன்னேன். "உப்புக் கொஞ்சம் பத்தலன்னு சொல்லு. உள்ளங்கையில ஊத்திப் பாத்துட்டுப் போடச் சொல்லு." சரின்னேன். அப்புறம் சொல்றான், "அவ என்னென்ன செஞ்சான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு. எல்லாம் தெரியும். ஆனா கோவம் இல்லன்னு சொல்லு. சின்னப் புள்ளையிலேர்ந்து என்னப் பசியோட படுக்க விடாத கை அது. அது மேல எனக்குக் கோவமே வராது"ங்குறான்.

பாத்தியா? பாத்தியா இந்த அநியாயத்த? பசியோட படுக்க விடாத கை யாரு கை? என் கை! அதத் தூக்கி அந்தச் சீனத்திக்குக் குடுத்துட்டான் பாரு. உப்பிட்டவர உள்ளளவும் நெனைன்னு சொல்லுவாங்க. எவ உப்பு, எவள நெனைக்கிறான்? மருந்து மயக்கம்னு மனசத் தேத்திக்கிட்டேன். மயக்கம்தான். ஏன்னா அதுக்கு மேல சொல்றான், "லான்கிட்டயும் சொல்லு. ஒருதடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லு. அடுத்த தடவ நீ சூப்பு கொண்டு வரும்போது அவளையும் கூட்டிக்கிட்டு வாக்கா." சூப்பு செஞ்சவகிட்ட ஒன்னு சொல்லணுமாம், லான்கிட்ட வேற ஒன்னு சொல்லணுமாம். அவ வேற, இவ வேறயா? உளறுறான் பாவம்.

ஏன் அப்படிப் பாக்குற என்னைய?

ஏன்மா?

நீ ஒன்னும் சொல்ல வேணாம். நீ சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும்? அவன் உளறினான். மார்பின் ஊசி போட்டா அப்படித்தான்னு நர்சு மிஸியே சொன்னா. அவனுக்கு எப்படித் தெரியும்? லிப்டு வாசல்ல நடந்தது அவன் படுத்திருக்கிற எடத்துக்குக் கேக்குமா? தொட்டிதான் கொஞ்சம் கிட்ட. அவன் அப்ப தூங்கிக்கிட்டு இருந்தான். கண்ண மூடித்தான் இருந்தான்.

அந்தச் சூப்பு வாட மட்டும் வார்டு முழுக்க அடிச்சிச்சு.

சரி, விடு அத. இன்னிக்குத்தான் அந்த அடுத்த தடவ. அவள எங்க கூட்டிக்கிட்டுப் போறது? நான் யோசிச்சு வச்சுட்டேன். அவ சிங்கப்பூருக்குப் போயிருக்கா, அடுத்த வாரம் வருவான்னு சொல்லிருவேன். அது வரைக்கும் குடிப்பான்ல? டாக்டரு புள்ள அடுத்த வாரத்தப் பத்தியெல்லாம் பேச வேணாம்மாங்குது. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கந்தான் தாண்டிருச்சா? அந்த சிமெண்டு மலை வந்தா எனக்குச் சொல்லு. அதுக்கு அடுத்தது செம்மோர், நான் குனிஞ்சுக்கணும்.

ஐயோ, போனு. என் போனுதான். பைக்குள்ள இருக்கு, எடு தாயி, எனக்குக் கையில பிளாஸ்க்கு. ஆஸ்பத்திரி நம்பரா? மிஸியா இருக்கும். நீயே பேசு, அவ மலாய்ல படபடன்னு பேசுவா, எனக்கு இந்த பஸ்ஸு சத்தத்துல ஒன்னும் வெளங்காது. அக்கா பஸ்ல வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு. சூப்பு சூடா இருக்குன்னு சொல்லு.

என்னவாம்?

என்னம்மா, போனக் கையில புடிச்சிக்கிட்டே இருக்க. என்னவாம்?

எப்ப?

காலையில பசியாறுற நேரத்துலயா. அப்ப நான் பேரிக்கா வெட்டிக்கிட்டு இருந்தேன். இல்லம்மா, அவன் தூங்கியிருப்பான். நல்லாத் தூங்குவான் அவன், எழுப்பினா எழுந்திரிக்க மாட்டான், சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படித்தான். இன்னொரு தடவ கூப்பிட்டுக் கேளு. குணசீலன்னு கேளு. கேட்டியா? அவங்களே பேரச் சொன்னாங்களா? சரி. வேணாம். கூப்பிட வேணாம்.

அடே சீலா. அக்கா வந்துக்கிட்டுதானடா இருக்கேன். 

விடு, நான் விழ மாட்டேன். கைய விடும்மா. இந்த மூடியக் கொஞ்சம் திறந்து குடு. கைதான் இருக்கே, கப்பு எதுக்கு? இதுல ஊத்து. உள்ளங்கையில. சுட்டா என்ன, சுடட்டும். ஊத்து.

உப்புப் பத்தல சர்மினி.

அவன் சொன்னது சரிதான். கொஞ்சம்கூடப் பத்தல. வெறும் தண்ணியா இருக்கு. இத்தன நாளும் இதயா குடிச்சான்? இதக் குடிச்சுட்டா நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னான் என்கிட்ட? அவ வச்சிருந்தா இப்படியா இருக்கும்? ஒரு வாயிலயே தெரிஞ்சிருக்குமே அவனுக்கு. மொத நாளே தெரிஞ்சிருக்குமே.

பஸ்ஸு வேகத்தக் கொறைக்குது. கண்ணாடியில பொம்பள படம் இருக்கா பாரு. இருக்கா?

அந்த பெல்ல அமுக்கும்மா. நான் இங்க எறங்கணும்.